டயல்-அப் காலத்தில் ஸ்பாமை வடிகட்டியது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அப்பா துணிக்கடை வைத்திருக்கிறார் என்று சொல்லி ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருக்கிறார்: "கடைப் பரணில் பழைய மோடம் ஒன்று கிடைத்தது. 'அதுல மெயில் பாத்தாலே போன் பில்லு எகிறும், வர்றதுல பாதி குப்பை'ன்னு அப்பா சொல்றார். எனக்கு ஒன்று புரியவில்லை. இறக்கிப் பார்த்தால்தான் மெயில் ஸ்பாமா இல்லையா என்று தெரியும். இறக்கிவிட்டால் காசு போய்விட்டது. அப்புறம் ஸ்பாம் ஃபில்டர் எதற்கு? எப்படித்தான் ஓட்டினீர்கள்?"

தம்பி, சந்தேகம் நியாயமானது. டயல்-அப் என்றால் மோடம் வழியாகப் போன் போட்டு இணையத்தில் நுழைவது; அதில் இறக்கிய பிறகு வடிகட்டுவது பாதிக்கு மேல் வெட்டி வேலை. கடிதம் அந்தப் பக்கம், சர்வரில் கிடக்கும்போதே உறையை மட்டும் வாங்கிப் பார்த்து, வேண்டாததை அங்கேயே கிழித்துப் போடச் சொல்லிவிட்டு, மிச்சத்தை மட்டும் இழுக்க வேண்டும். சொல்வதற்கு ஒரு வரிதான். எனக்கு இது பிடிபட ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் முதலாளிக்கு ஒரு கன்டெய்னர் டெமரேஜும், அதாவது தாமதக் கட்டணமும், வைத்தேன்.

2002-லிருந்து 2004 வரை மண்ணடியில், லிங்கிச் செட்டித் தெருவில், ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருந்தேன். துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் ஹவுசில் பில் ஆஃப் என்ட்ரி போட்டு வெளியே எடுத்துக் கொடுக்கிற தொழில். கொழும்பு, சிங்கப்பூர், துபாய் ஏஜென்ட்டுகளிடமிருந்து இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது) காப்பி எல்லாம் மெயிலில் வரும். எனக்கு வேலை டைப்பிங். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்று வாய்விட்ட பாவத்துக்கு மெயிலும் என் தலையில் விழுந்தது. ஒரு போன் லைன், அதில் ஒரு மோடம், அதே லைனில் முதலாளி அறைக்கு ஒரு பேரலல் போன். முதலாளியை எல்லோரும் பாய் என்போம்.

இணைப்பின் லட்சணத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மோடம் அட்டையில் 56 கே என்று போட்டிருக்கும். நல்ல நாளில் 44,000 பிட் கிடைத்தால் சாமி கும்பிடலாம். அந்தப் பக்கத்துக் கேபிள்கள் பழசு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் 28,800-க்கு இறங்கிவிடும். கையில் வந்து சேர்வது நொடிக்கு 3 கிலோபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். லோக்கல் கால் மூன்று நிமிடத்துக்கு ஒரு யூனிட். இணைய நேரத்தை மணிக்கணக்கில் முன்பணம் கட்டி வாங்க வேண்டும், அது தனிச் செலவு. எங்கள் மெயில் பெட்டியின் கொள்ளளவு 5 மெகாபைட்.

இந்த நிலையில் 2003 செப்டம்பரில் ஸ்வென் என்ற வைரஸ் வந்தது. மைக்ரோசாஃப்ட் அனுப்பிய பாதுகாப்புத் திருத்தம் மாதிரி வேஷம் போட்டு வரும். இணைப்புக் கோப்பு நூற்றாறு ஆயிரம் பைட்டுக்குக் கொஞ்சம் மேல். மெயிலில் கோப்பு அப்படியே போகாது, பேஸ்64 என்ற முறையில் எழுத்தாக மாற்றித்தான் போகும். மூன்று பைட் நான்காகும், கூட வரிமுடிவுகள் வேறு. ஆகக் கடிதம் ஒன்று 150 கிலோபைட்டுக்குப் பக்கத்தில் வரும். எங்கள் லைனில் ஒரு கடிதத்துக்கு 50 நொடி. சனி மதியம் ஆபீசைப் பூட்டிவிட்டுப் போய்த் திங்கள் காலை திறந்தால் இப்படி முப்பத்துச் சொச்சம். இறக்க அரைமணி நேரம் ஆகும். அதைவிட மோசம், 5 மெகாபைட் பெட்டி நிரம்பிவிட்டதால் ஞாயிறு அன்று கொழும்பிலிருந்து அனுப்பிய உண்மைக் கடிதம் 'பெட்டியில் இடமில்லை' என்று திரும்பிப் போயிருக்கும். ஸ்பாம் என்றாலே எரிச்சல் என்றுதான் இன்றைக்கு நினைக்கிறோம். எங்களுக்கு அது வாசலை அடைத்துக்கொண்டு நின்ற லாரி.

இனி வேலைக்கு வருகிறேன். மெயில் இறக்கும் பாப்3 முறை ரொம்ப எளிமையானது. மோடம் இணைந்ததும் டெல்நெட்டில் (சர்வரோடு எழுத்தால் நேரடியாகப் பேசும் நிரல்) சர்வரின் 110-ம் வாசலைத் தட்டி, பெயர், பாஸ்வேர்டு கொடுத்துவிட்டு, கையாலேயே கட்டளை அடிக்கலாம். நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். 'லிஸ்ட்' என்று அடித்தால் இப்படி வரும்:

1 2210
2 148902
3 149377
4 148655
5 61218
6 3904

இடது பக்கம் கடிதத்தின் வரிசை எண், வலது பக்கம் அதன் எடை, பைட்டில். எழுபது கடிதம் இருந்தாலும் இந்தப் பட்டியல் ஒரு கிலோபைட்டைத் தாண்டாது, அரை நொடி கூட ஆகாது. 2, 3, 4 யார் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறதா? பெயர் கேட்காமல் எடையை வைத்தே ஆளை அடையாளம் காணலாம்.

அடுத்தது 'டாப்'. 'டாப் 5 0' என்றால் ஐந்தாம் கடிதத்தின் தலைப்பகுதி, நான் உறை என்று சொன்னது, மட்டும் வரும், உடம்பில் ஒரு வரி கூட வராது. 'டாப் 5 20' என்றால் உடம்பில் முதல் இருபது வரி சேர்ந்து வரும். தலைப்பகுதியில் யார் அனுப்பியது, பொருள் என்ன, எந்தெந்த சர்வர் வழியாக வந்தது என்பதெல்லாம் இருக்கும். சராசரியாக ஒன்றரை கிலோபைட். எழுபதுக்கும் கேட்டால்கூட 35 நொடி. ஒவ்வொரு கட்டளைக்கும் போய்வரும் நேரம் சேர்த்தாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதாவது முதல் யூனிட்டுக்குள். உங்கள் கேள்விக்கான நேரடிப் பதில் இந்த ஒரு நிமிடம்தான். ஒன்று மட்டும்: 1996-ல் வந்த பாப்3 விதிமுறையில் 'லிஸ்ட்' கட்டாயம், 'டாப்' கட்டாயமில்லை. எங்கள் சர்வரில் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

வேண்டாததை நீக்க 'டெலி' (DELE) கட்டளை. 'டெலி 2', 'டெலி 3', 'டெலி 4'. இங்கேதான் நான் இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். நீக்கிய கடிதங்கள் மறுநாள் திரும்பப் பெட்டியில் கிடக்கும். சர்வர் நம்மை ஏமாற்றுகிறது என்றே முடிவுகட்டிவிட்டேன். ஒருநாள் காலை பாய் தன் அறையில் போனை எடுத்து, "ஹலோ... ஹலோ... என்னப்பா இது, கரகரன்னு?" என்று கேட்பது காதில் விழுந்தது. என் திரையில் இணைப்பு அறுந்தது. அப்போதுதான் உறைத்தது. 'டெலி' என்பது நீக்குவதல்ல, நீக்க வேண்டும் என்று குறித்துவைப்பது. 'குவிட்' என்று முறையாக விடைபெற்றால்தான் சர்வர் நிஜமாக நீக்கும். நடுவில் லைன் அறுந்தால் அத்தனை குறியும் அழிந்து, எல்லாம் பழையபடி இருக்கும். நல்ல எண்ணத்தில் வைத்த விதிதான், லைன் அறுந்ததால் கடிதம் தொலையக் கூடாது என்று. பேரலல் போன் இருக்கிற ஆபீசில் அது வேறு மாதிரி வேலை செய்தது.

பிறகு பத்துப் பத்தாக நீக்கி, 'குவிட்' கொடுத்து, மோடத்தை வைக்காமலேயே மறுபடி உள்ளே நுழைவேன். லைன் அறுந்தாலும் பத்து கடிதத்தின் பாடு மட்டும்தான் வீண். 'யூஐடிஎல்' என்ற இன்னொரு கட்டளை கடிதம் ஒவ்வொன்றுக்கும் மாறாத அடையாளம் தரும். அதை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொண்டால் ஏற்கெனவே பார்த்த உறையைத் திரும்பக் கேட்க வேண்டாம். பாயிடம், "பாய், மெயில் இறங்குறப்போ மேஜை மேல இந்தச் சிவப்பு அட்டை இருக்கும், அப்போ போன் எடுக்காதீங்க" என்று சொல்லி ஒரு அட்டையும் வைத்தேன். மென்பொருளெல்லாம் சேர்ந்து செய்ததைவிட அந்த அட்டை அதிகம் செய்தது.

இதையெல்லாம் தினமும் கையால் அடிக்க முடியுமா? விண்டோஸில் மெயில்வாஷர் என்ற மென்பொருள் இருந்தது; உறைகளை வரிசையாகக் காட்டும், வேண்டாததை டிக் அடித்தால் சர்வரிலேயே நீக்கும். பலர் அதைத்தான் வைத்திருந்தார்கள். அதில் 'பவுன்ஸ்' என்று ஒரு வசதி உண்டு, இப்படி ஒரு முகவரியே இல்லை என்று அனுப்பியவருக்குப் பொய்யாகத் திருப்பி அனுப்பும். அதைத் தொடவே கூடாது. ஸ்பாமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் திருட்டு முகவரி. நம் காசில் யாரோ ஒரு அப்பாவிக்கு நாமே குப்பை அனுப்பிக்கொண்டிருப்போம்.

நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரி வாங்கிச் சேர்த்த ஒரு செலரான் பெட்டியில் லினக்ஸ் போட்டு, மெயில்ஃபில்டர் என்ற சிறு நிரலை ஓட்டினேன். விதிகளை ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும்: இது வந்தால் விடு, அது வந்தால் வெட்டு, இந்த எடைக்கு மேல் போனால் வெட்டு. அது உறைகளை மட்டும் பார்த்து சர்வரிலேயே வெட்டிவிடும். பின்னாலேயே ஃபெட்ச்மெயில் போய் மிச்சத்தை இழுத்து வரும்.

நஷ்டம் வைத்ததும் இந்த விதிக் கோப்பில்தான். ஸ்வென் அடித்துக்கொண்டிருந்த வாரம், 1,45,000 பைட்டுக்கு மேல் எது வந்தாலும் வெட்டு என்று எழுதினேன். நாலு நாள் சொர்க்கம். மெயில் ஒரு நிமிடத்தில் முடிந்தது, பாய் டீ வாங்கிக் கொடுத்தார். ஐந்தாம் நாள் ஒரு கப்பல் ஏஜென்ட் போன் செய்து, "இன்னா சார், கன்டெய்னர் வந்து நாலு நாளாச்சு, அரைவல் நோட்டீஸ் அனுப்பியும் ஆளையே காணோம்?" என்றார். சரக்கு வந்துவிட்டது என்று சொல்லும் அந்த நோட்டீசை ஸ்கேன் செய்து படமாக அனுப்பியிருக்கிறார்கள். அதன் எடை என் வலைக்குள் விழுந்திருக்கிறது. இலவச நாள் தாண்டி, டெமரேஜ் ஏறத் தொடங்கியிருந்தது. பாய் கத்தவில்லை. "நூறு குப்பை வரட்டும் தம்பி, நான் பாத்துக்கறேன். ஒரு அரைவல் நோட்டீஸ் போச்சுன்னா யார் பாத்துக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு மாற்றிய விதி இது. ஒரு காரணத்துக்காக மட்டும் எதையும் வெட்டுவதில்லை. எடையும் சந்தேகம், அனுப்புநர் பெயரும் சந்தேகம், பெறுநர் இடத்தில் எங்கள் முகவரியும் இல்லை என்று இரண்டு மூன்று சாட்சி சேர்ந்தால்தான் வெட்டு. ஒரே சாட்சி என்றால் வெட்டவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். சர்வரிலேயே கிடக்கட்டும். அப்படிக் கிடப்பவற்றின் அனுப்புநர், பொருள், எடை மட்டும் ஒரு தாளில் அச்சாகி வரும். காலையில் டீ குடித்துக்கொண்டே பாய் பேனாவால் டிக் போடுவார். வெட்டு, இறக்கு என்ற இரண்டோடு 'கிடக்கட்டும்' என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது என்பது டயல்-அப் எனக்குக் கற்றுக்கொடுத்தது. இன்றைய ஜங்க் ஃபோல்டர் அதன் பணக்காரத் தம்பி.

கூடவே ஏஜென்ட்டுகள் அத்தனை பேருக்கும் ஒரு கடிதம் போட்டோம்: பொருள் வரியில் எங்கள் ஃபைல் எண்ணைப் போடுங்கள் என்று. அந்த எண் வடிவம் இருந்தால் கேள்வி கேட்காமல் விடு என்று விதியில் முதல் வரி. தெரிந்த முகவரிகளை விடு என்று எழுதுவதைவிட இது பலமானது. அந்தக் கால வைரஸ்கள் பாதிக்கப்பட்டவரின் முகவரிப் புத்தகத்திலிருந்தே பெயர் எடுத்து அனுப்பும், கொழும்பு ஏஜென்ட் பெயரில் குப்பை வரும். ஆனால் எங்கள் ஃபைல் எண் எந்த வைரசுக்கும் தெரியாது.

இறக்கிய பிறகு வடிகட்டுவது முழுக்க வீணா என்றால், இல்லை. போன் காசு மிச்சமாகாது, ஆள் நேரம் மிச்சமாகும். அதற்கு ஸ்பாம்அசாசின் வைத்தேன். அது கடிதத்துக்கு மார்க் போடும், 5 புள்ளியை எட்டினால் ஸ்பாம். ஆனால் கடையில் வாங்கிய சட்டை மாதிரி, எங்கள் உடம்புக்கு அது பொருந்தவில்லை. கப்பல் தொழிலில் டெலக்ஸ் (மெயிலுக்கு முந்தைய தட்டச்சுத் தந்தி) பழக்கம் போகவில்லை, எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் அடிப்பார்கள். பொருள் வரி முழுக்கப் பெரிய எழுத்தா, அதற்கு ஒரு மார்க். அர்ஜென்ட் என்பார்கள், டாலர் தொகை எழுதுவார்கள், கன்சைன்மென்ட், பெனிஃபிஷியரி, ரெமிட்டன்ஸ் என்பார்கள். நைஜீரிய இளவரசனின் விதவை எழுதும் கடிதத்திலும் இதே சொற்கள்தான்! எங்களுக்குச் சோறு போட்ட சொற்களெல்லாம் ஊருக்கு ஸ்பாம் வாடை அடித்தன.

இதற்குத் தீர்வு பேயீசியன் முறை. 2002 ஆகஸ்டில் பால் கிரகாம் என்ற அமெரிக்க நிரலாளர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் அது பரவலானது. எந்தச் சொல் கெட்டது என்று ஊரார் சொல்ல வேண்டாம், உன் நல்ல கடிதங்களையும் உன் குப்பையையும் காட்டு, சொல்லுக்குச் சொல் எண்ணி நானே கற்றுக்கொள்கிறேன் என்கிறது அந்த முறை. ஸ்பாம்அசாசினில் நல்லது 200, குப்பை 200 காட்டும் வரை அந்தப் பகுதி வாயே திறக்காது. காட்டி முடித்த பிறகு 'கன்சைன்மென்ட்' எங்கள் ஆபீசில் நல்ல சொல்லாகிவிட்டது. இந்த எண்ணுகிற வேலைக்கு இணைப்பே தேவையில்லை, மோடத்தை வைத்துவிட்டு நிதானமாகச் செய்யலாம்.

ஆனால் ஸ்பாம்அசாசின் தன் இயல்பில் விட்டால் இணைப்பைத் தேடும். அனுப்பிய சர்வரின் எண் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று கடிதத்துக்குக் கடிதம் டிஎன்எஸ் (இணையத்தின் முகவரிப் புத்தகம்) வழியாக வெளியே விசாரிக்கும். விசாரணை சின்னது, நூறு பைட் ஆகாது. பதில் வராவிட்டால் காத்திருப்பதுதான் செலவு. நானோ, வெளியே யாராவது எட்டிப் பார்த்தாலே மோடம் தானாக டயல் செய்கிற மாதிரி லினக்ஸை அமைத்து வைத்திருந்தேன். இரண்டையும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் காலை வாட்ச்மேன் மாடிப்படியில் மறித்தார். "ராத்திரி முச்சூடும் உங்க ரூம்ல ஒரு பொட்டி கத்திக்கினே கீது சார். கீ...ன்னு கத்துது, நிக்குது, மறுபடி கத்துது. பேய் பிசாசு எதுனா கீதா?" இரவு இரண்டு மணிக்குப் பழைய கடிதங்களைச் சலிக்க நான் வைத்திருந்த வேலை, ஒவ்வொரு கடிதத்துக்கும் கறுப்புப் பட்டியலைக் கேட்கப் போய், மோடத்தை எழுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்பாமைத் தடுக்கவென்றே ஒரு போன் பில். அன்றே வெளி விசாரணை எல்லாவற்றையும் நிறுத்தி, உள்ளூர்ச் சோதனை மட்டும் போதும் என்று '-எல்' சுவிட்சைப் போட்டேன்.

தமிழ்க் கடிதம் பற்றியும் ஒரு சொல். பாயின் மைத்துனர் பினாங்கிலிருந்து தமிழில் எழுதுவார், அப்போது புழங்கிய தகுதரம் எழுத்துருக் குறியீட்டில். பொருள் வரியில் தமிழை அப்படியே அடித்துவிடுவார். ஆங்கில ஃபில்டர் கண்ணுக்கு அது தலைப்பில் விதிமீறிய எழுத்துகள், தலைக்கு மேல் மார்க். யூனிகோடு வந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்து எடைத் தொல்லை வந்தது. யூனிகோடை அனுப்பும் யூடிஎஃப்-8 முறையில் 'க' மூன்று பைட். அதைக் குவோட்டட்-பிரின்டபிள் முறையில் அனுப்பினால் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாகி, ஒற்றைக் 'க' ஒன்பது எழுத்தாகிறது. அதே 'க' பேஸ்64-ல் நான்குதான். தமிழ்க் கடிதத்துக்கு மட்டுமாவது அனுப்பும் முறையை மாற்றச் சொல்லி மைத்துனருக்கு எழுதினேன். அவர் அதற்குப் பிறகு போனிலேயே பேச ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் எங்களுக்கு நிம்மதி தந்தது, 2004-ல் கம்பெனிக்குச் சொந்த டொமைன் வாங்கி, ஸ்பாம்அசாசின் ஓடுகிற ஒரு சர்வரில் பெட்டி வைத்ததுதான். அங்கே இணைப்பு அகலம். கறுப்புப் பட்டியல் விசாரணை, எண்ணிக்கை எல்லாம் கடிதம் வந்திறங்கியவுடன் அங்கேயே நடக்கும். முடிவை உறையில் ஒரு வரியாக எழுதிவைக்கும், புள்ளிக்கு ஒரு நட்சத்திரம் வீதம். இந்தப் பக்கம் இரண்டே விதி: பத்து நட்சத்திரமோ அதற்கு மேலோ இருந்தால் வெட்டு, ஐந்திலிருந்து ஒன்பது வரை கிடக்கட்டும். ஃபைல் எண் இருந்தால் நட்சத்திரத்தைப் பார்க்காதே என்ற முதல் வரி மட்டும் அப்படியே இருந்தது.

உங்கள் பரண் மோடத்தைப் பொறுத்தவரை, அதைத் துடைத்து மேஜையில் வையுங்கள், அழகாக இருக்கும். பாடம் படிக்க அது தேவையில்லை. ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் லினக்ஸ் போட்டு, டவ்காட் என்ற மெயில் சர்வரை பாப்3-க்கு அமைத்து, 'டிசி' (tc) கட்டளையால் அதன் வெளிப்போக்கு வேகத்தை நொடிக்கு 28 கிலோபிட்டாகக் கட்டி, 150 மில்லிநொடி தாமதத்தையும் சேருங்கள். பெட்டியில் 150 கிலோபைட் கடிதம் முப்பது போடுங்கள். முதலில் எல்லாவற்றையும் இறக்கிக் கடிகாரத்தைப் பாருங்கள். பிறகு 'லிஸ்ட்', 'டாப்', 'டெலி' என்று கையால் அடித்துப் பாருங்கள். முப்பதையும் 'டெலி' செய்துவிட்டு, 'குவிட்' அடிக்காமல், டெல்நெட் ஜன்னலை அப்படியே மூடுங்கள். மறுபடி உள்ளே போய் 'லிஸ்ட்' கேளுங்கள். முப்பதும் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.